பாங்காக்கில் இரண்டு நாள்



வெள்ளிக்கிழமை நள்ளிரவில் சென்னையை விட்டுப் புறப்பட்ட விமானம், ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் என்னைப் பாங்காக் நகரில் இறக்கிவிட்டது. சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாள்களே என் கையில் இருந்தன. இரண்டு நாளில் ஒரு நாட்டைக் கண்டு வந்துவிட்டேன் என்று சொல்வது பேதைமை. பொன் வேய்ந்த புத்தர் கோயில்களையும் சாவ்பிரயா ஆற்றுப் படகுகளையும் நீங்கள் படங்களிலேயே நன்கு கண்டிருப்பீர்கள். ஆதலால் அவற்றை விடுத்து, ஒரு வீதியைப் பற்றியும், அவ்வீதியில் சிந்திய குருதியின் விளைவாகப் பிறந்து, பதினோராண்டு வாழ்ந்து மறைந்த ஒரு தொலைக்காட்சி நிலையத்தைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வீதிக்கு ராச்சதம்நோன் என்று பெயர். அரசர் உலாச் செல்லும் பாதை என்பது பொருள். அதன் நடுவே மக்களாட்சி நினைவுச்சின்னம் நிற்கிறது. 1932ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், சயாமில் மன்னரின் தனியாட்சி முடிவுற்று, அரசியற் சட்டத்துக்கு உட்பட்ட ஆட்சி தொடங்கியது. அதன் நினைவாக எழுந்தது இச்சின்னம். சிறகுகள் போன்ற நான்கு தூண்கள். ஒவ்வொன்றின் உயரமும் 24 மீட்டர். அது நாளைக் குறிக்கிறது. அடியைச் சுற்றிலும் 75 பீரங்கிகளைப் புதைத்திருக்கிறார்கள்; அது புத்த ஆண்டு 2475ஐக் குறிக்கிறது. நடுவில் ஒரு சிறு மாடத்தின்மேல், தாம்பாளம் போன்ற ஓர் ஏந்தலில், அரசியற் சட்டச் சுவடியை வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வாகன வெள்ளத்தைக் கடந்து அதன் அடியில் சென்று நிற்பதே எனக்கு ஒரு வீரச் செயலாக இருந்தது.

1992ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கேதான் மக்கள் திரண்டார்கள். தாம் பிரதமர் ஆகப்போவதில்லை என்று முன்னர்க் கூறியிருந்த படைத்தலைவர் சுசிந்தா, அவ்வாண்டு ஏப்ரலில் பிரதமர் பதவியை ஏற்றார். மக்கள் எதிர்த்தனர், படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். ஆனால் அந்நாட்டு வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கேட்டால், அப்படி ஒன்றும் நிகழவில்லை என்றே சொல்லியிருக்கும். நிலையங்கள் யாவும் அரசின் உடைமை, அல்லது படையின் உடைமை. உண்மையைச் சொன்னவை சில செய்தித்தாள்களே.

சுசிந்தா பதவி விலகிய பின்பு, யாருக்கும் அடங்காத ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்ற குரல் எழுந்தது. (அரசு வானொலியின் ஒலிவாங்கி முன் அமர்ந்து இதைச் சொல்வதில் உள்ள வேடிக்கையை நான் உணராமல் இல்லை.) அதன் பயனாக 1996இல் ஐ.டி.வி. என்னும் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி செய்தியும் அறிவு சார்ந்தவையுமாகவே இருத்தல் வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. காவல்துறையின் கையூட்டு முதலியவற்றை அது துணிந்து காட்டியது. ஆயினும் துணிவு வேறு, வரவுசெலவு வேறு. 1997இல் தாய்லாந்தின் நாணயம் சரிந்தது. நிலையமும் கடனில் ஆழ்ந்தது.

அவ்வேளையில் வாங்க முன்வந்தது ஷின் நிறுவனம். அது தக்சின் சினவத்ராவின் குடும்பத்துக்கு உரியது. தக்சின் முன்னாள் காவல் அதிகாரி. கைப்பேசியாலும் செயற்கைக்கோளாலும் பெருஞ்செல்வர் ஆனவர். 2000ஆம் ஆண்டு நிலையம் கைமாறிற்று. 2001 தேர்தலில் அவர் பிரதமரானார். தேர்தல் செய்தியில் உரிமையாளர் தரப்புத் தலையிடுகிறது என்று முறையிட்ட செய்தியாளர் இருபதுக்கு மேற்பட்டோர் வேலையை இழந்தனர். அவர்கள் பக்கமே நியாயம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. தக்சினை வெறும் கொடுங்கோலராகக் காட்டுவதும் நேர்மையாகாது. முப்பது பாட்டுக்கு மருத்துவம் என்ற அவரது திட்டத்தைச் சிற்றூர் மக்கள் மறக்கவில்லை. அவர்கள் அவரிடம் வைத்த அன்பு விலைக்கு வாங்கியதன்று.

அவருக்கு எதிராக எழுந்தவரும் செய்தித்தாள் முதலாளியே. சோந்தி லிம்தோங்குல் என்பது அவர் பெயர். ஒரு காலத்தில் தக்சினைப் புகழ்ந்தவர். 2005 செப்டம்பரில் ஒன்பதாம் அலைவரிசையில் அவரது வார நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு லும்பினிப் பூங்காவுக்குப் போனார். அங்கே பேசியதைத் தம் செயற்கைக்கோள் அலைவரிசையில் ஒளிபரப்பினார். 2006 ஜனவரியில் தக்சின் குடும்பத்தினர் ஷின் நிறுவனப் பங்குகளைச் சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 7,300 கோடி பாட்டுக்கு விற்றனர். அதற்கு வரி கட்டவில்லை என்ற செய்தி கூட்டத்தைப் பன்மடங்காக்கியது. செப்டம்பர் 19ஆம் நாள் இரவு படை ஆட்சியைப் பிடித்தது. நியூயார்க்கில் இருந்த தக்சின் நெருக்கடி நிலையை அறிவித்தார். அது ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே இடையில் அறுந்தது.

சோந்தியின் பேச்சைக் கேட்டவர் பலர், அவர் ஊடக உரிமைக்காகப் போராடுகிறார் என்றே நம்பினர். நான் அவ்வாறு எண்ணவில்லை. படையின் வருகையை வரவேற்ற தொலைக்காட்சியை உரிமைக் குரல் என்று சொல்ல என் நா எழவில்லை. பிறகு மஞ்சள் சட்டையினருக்கு ஓர் அலைவரிசை, சிவப்புச் சட்டையினருக்கு ஓர் அலைவரிசை என்று ஆயிற்று. 2008 ஆகஸ்டில் மஞ்சள் அணியினர் அரசுத் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்தனர். 2010 ஏப்ரலில், முடக்கப்பட்ட தம் அலைவரிசையை மீட்கச் சிவப்பு அணியினர் செயற்கைக்கோள் நிலையத்துக்குள் புகுந்தனர். அவ்வாண்டு மோதல்களில் இறந்தோருள் ஒரு ஜப்பானியரும் ஓர் இத்தாலியரும் உண்டு. இருவரும் செய்திப் படம் எடுக்க வந்தவர்கள்.

நினைவுச்சின்னத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நூடுல்ஸ் கடை ஒன்றில் பகல் உணவு கொண்டேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினார். சுவரில் தொலைக்காட்சியைப் பொருத்தும் இரும்புத் தாங்கி மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஒரு மேசையில் அமர்ந்தவர் ஒரு நிலையத்தை வை என்பாராம். அடுத்த மேசைக்காரர் அதை மாற்று என்பாராம். ஒரு நாள் குழம்புக் கிண்ணம் பறந்ததாம். அன்றே பெட்டியைக் கழற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அண்ணனுடனும் அரசியல் பேசுவதில்லையாம். பிரதமர் சமக் சுந்தரவேஜ் மீது மட்டும் அவருக்குத் தனிப் பரிவு. சமக், பதவியில் இருந்தபடியே தொலைக்காட்சியில் சமையல் செய்து காட்டி ஊதியம் பெற்றார் என்பதற்காக 2008 செப்டம்பரில் அரசியற் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. “சமைத்ததற்குத் தண்டனை!” என்று கடைக்காரர் கரண்டியை ஆட்டிச் சிரித்தார்.

ஐ.டி.வி. என்ன ஆயிற்று? உரிம நிபந்தனைகளை மீறியதற்காக அதன்மீது பெருந்தொகை விதிக்கப்பட்டது. கட்ட இயலாமல் 2007 மார்ச்சில் உரிமத்தை இழந்தது. அதன் இடத்தில் 2008இல் பொதுமக்கள் ஒளிபரப்பு நிலையம் ஒன்று தோன்றியது. ஆனால் நிறுவனம் ஏட்டளவில் உயிரோடிருந்தது. அரசியல் பதவியில் இருப்போர் ஊடகப் பங்குகளை வைத்திருத்தல் கூடாது என்று 2007ஆம் ஆண்டு அரசியற் சட்டம் விதித்தது. பத்தாண்டு கழித்து வந்த சட்டம் வேட்பாளர்க்கும் அத்தகைய தடையை வைத்தது. இன்னொரு தக்சின் தோன்றாதிருக்க இட்ட வேலி அது. 2023 தேர்தலில் மிகுதியான இடங்களை வென்ற கட்சியின் தலைவர் பீட்டா லிம்சரோன்ராட். தந்தை வழி வந்த 42,000 ஐ.டி.வி. பங்குகள் அவர் பெயரில் இருந்தன. அவர் பிரதமராவதைச் செனட் சபையினர் முன்னரே தடுத்திருந்தனர். ஜூலை 19ஆம் நாள், இப்பங்குகளைக் காரணம் காட்டி, நீதிமன்றம் அவரது உறுப்பினர் பணியையும் நிறுத்திவைத்தது. அந்நிறுவனம் ஊடகத் தொழில் எதையும் நடத்தவில்லை, ஆதலால் குற்றமில்லை என்று 2024 ஜனவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதற்குள் வேறொருவர் பிரதமராகி ஐந்து திங்கள் கழிந்திருந்தன.