மங்களூரிலிருந்து பாசலுக்கு

மங்களூர் ஓடு தெரியாதவர் நம்மில் யார்? 1865-ல் அந்த ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன். அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே மங்களூர் இளைஞர் ஒருவர், அந்த மிஷனின் பயிற்சிப் பள்ளியில் சேரக் கப்பலேறிச் சுவிட்சர்லாந்துக்குப் போனார்.

பெயர் ஆனந்தராவ் கவுண்டின்யா. சாரஸ்வத பிராமணர். மிஷன் பள்ளியில் படித்தவர், 1844-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஊரே கொந்தளித்தது. ஞானஸ்நானத்தின்போது அவர் ஏற்ற பெயர் ஹெர்மன். அது அவருடைய ஆசிரியர் ஹெர்மன் மோக்ளிங்கின் பெயர். கன்னடத்தின் முதல் பத்திரிகையான 'மங்களூரு சமாச்சார'வை நடத்தியவர் இந்த மோக்ளிங்தான்.

1846-ல் பாசல் வந்த இளைஞருக்கு எல்லாமே புதிது. பனிக்குளிர், ஜெர்மன் மொழி, மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உறங்கும் விடுதி வாழ்க்கை. உடன் படித்தவர்களில் பலர் தென்ஜெர்மனியின் விவசாயிகள், நெசவாளர்கள், தச்சர்கள். வேதாகமம், கிரேக்கம், எபிரேயம் ஒருபுறம்; கைவேலையும் தோட்டவேலையும் மறுபுறம். ஏட்டுப் படிப்பையே உயர்வென்று கருதிய குலத்தில் பிறந்தவருக்கு அது இன்னொரு பாடசாலை.

ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1851-ல் குருப்பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். ஐரோப்பியர்களுக்கு நிகரான மிஷனரியாக ஓர் இந்தியர் வந்து நின்றது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

மங்களூரில் இளம் போதகர்களுக்குப் பாடம் நடத்தினார். குடகில், பண்ணையடிமைகளாக இருந்து கிறிஸ்தவர்களான ஹொலெயர் மக்களுக்கென ஒரு குடியிருப்பு உருவானது. அதற்கு ஆனந்தராவின் பெயரையே வைத்தார்கள்: ஆனந்தபுரம்.