துருவ அவையில் பேசும் உரிமை



துருவ ஆய்வு பற்றிய கருத்தரங்கு கோவை கணபதியின் சத்தி ரோட்டுப் பட்டறைகளுக்கு நடுவே நடக்கிறது என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார். கோவைக்குக் கடற்கரை கிடையாது. பனி என்றால் நமக்கு மார்கழிக் காலைப் பனியோடு சரி. 'நொய்யல் ஆற்றைச் சரிசெய்துவிட்டு அண்டார்டிகாவுக்குப் போகலாமே' என்று கேட்பவர்கள் நம் நகரிலேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்வதே தலைமையுரையின் கடமை என்று கருதுகிறேன். நான் முன்வைக்கும் வாதம் ஒன்றே. துருவங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அவைகளில் பேசும் உரிமை அங்கே செய்த ஆய்வினால் கிடைக்கிறது. அந்த ஆய்வில் கொங்குநாட்டின் கைக்கு ஏற்ற வேலை இருக்கிறது. அதற்கு இடம் கேட்க வேண்டிய காலம் இப்போதுதான்.

இதற்குச் சான்று நம் நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1956இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் அண்டார்டிகா குறித்து விவாதிக்க வேண்டும் என்று கேட்டது. பனிக்கண்டம் அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்பட வேண்டும், அணு ஆயுதச் சோதனைக்குக் களமாகிவிடக் கூடாது என்பது நேரு அரசின் கவலை. கோரிக்கை எடுபடவில்லை, 1958இல் மறுபடி எழுப்பியும் பயனில்லை. அப்போது நடந்துகொண்டிருந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் அண்டார்டிகாவில் களமிறங்கியிருந்த பன்னிரண்டு நாடுகள், 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. நியாயம் நம் பக்கம் இருந்தும் நமக்கு அங்கே நாற்காலி இல்லை. 1981 டிசம்பரில் எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று பனிக்கண்டத்தில் கால் வைத்தது. 1983 ஆகஸ்ட் 19 அன்று இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்று, ஒரு மாதம் முடிவதற்குள், முடிவெடுக்கும் உரிமையுள்ள ஆலோசனை உறுப்பு நாடாகிவிட்டது. அப்போது நமக்கு அங்கே ஒரு நிலையம்கூடக் கிடையாது. தட்சிண் கங்கோத்ரி எழுந்தது அதற்கடுத்த கோடையில்தான். கையில் இருந்தவை இரண்டு பயணங்களின் ஆய்வேடுகள் மட்டுமே. அதே 1983இல் மலேசியா ஐ.நா.வில் 'அண்டார்டிகா மனிதகுலம் முழுவதற்கும் உரியது' என்ற வாதத்தை எடுத்துவைத்தது. வாதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மலேசியாவும் 2011இல் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் உள்ளே வந்தது.

இந்த விதி நியாயமானதா என்று கேட்டால், முழுக்க நியாயமானது என்று சொல்ல மாட்டேன். கப்பலும் பணமும் உள்ள நாடுகளுக்கு அது சாதகம். அதோடு, விதி இன்று பழைய வேகத்தில் இயங்குவதுமில்லை. பல பத்தாண்டுகளாகத் துருவ ஆய்வு செய்துவரும் கனடா ஆலோசனை உறுப்புரிமை கேட்டும், 2024இல் கொச்சியிலும் 2025இல் மிலானிலும் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. பெலாரஸின் விண்ணப்பமும் அதே முட்டுக்கட்டையில் நிற்கிறது. 'ஆய்வு செய்தால் இடம் உண்டு என்கிறீர்களே, கனடாவைப் பாருங்கள்' என்று ஒருவர் எழுந்து கேட்டால் அது சரியான குறுக்குக் கேள்வி. என் பதில் இது: கதவு இறுகிவிட்ட காலத்தில், ஏற்கெனவே உள்ளே இருக்கும் 29 நாடுகளின் பொறுப்பு கூடுகிறது. இந்தியாவுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்து என்ன சொல்லப்போகிறோம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. ஆலோசனைக் கூட்டத்தில் எடைபோடப்படுவது முன்வைக்கும் ஆவணம். அதை எழுத ஆய்வாளர் வேண்டும், அளவீடு வேண்டும், கருவி வேண்டும். இவை டெல்லியில் மட்டுமே விளைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி நாட்காட்டியைப் பார்ப்போம். அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் 48ஆவது ஆலோசனைக் கூட்டம் 2026 மே மாதம் ஹிரோஷிமாவுக்கு உரியது. அண்டார்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவின் திறந்த மாநாடு அதே ஆண்டு ஆகஸ்டில் ஒஸ்லோவுக்கு. வடதுருவ விவகாரங்களுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் ரெய்க்யவிக்கில் ஆர்க்டிக் வட்டப் பேரவை கூடுகிறது. அதன் இந்திய மன்றம் 2025 மே மாதம் டெல்லியிலேயே நடந்தது. 2025 முதல் 2034 வரையிலான பத்தாண்டை ஐ.நா. பனிக்கோள அறிவியலுக்கு ஒதுக்கியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாவது சர்வதேசத் துருவ ஆண்டு 2032-33இல் வருகிறது. முதலாவது 1882-83இல் நடந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் சரியாக 150 ஆண்டு. இந்த வரிசையில் நம் கவனம் முழுவதும் கடைசியாகச் சொன்னதன் மேல்தான் இருக்க வேண்டும். 2007-08 துருவ ஆண்டின் அனுபவம் ஒரு பாடம் சொல்கிறது: அதற்கான திட்ட முன்மொழிவுகள் தொடக்க விழாவுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே கேட்டு வாங்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட திட்டங்கள் முடிவாகியிருந்தன. விழா தொடங்கிய பிறகு விழித்தவர்கள் பார்வையாளர்கள் ஆனார்கள். 2032இல் நம் மாணவர் ஒருவர் துருவத்தில் ஒரு கருவியைப் பொருத்த வேண்டும் என்றால், அந்தக் கருவியின் வரைபடம் 2028க்குள் தயாராகியிருக்க வேண்டும்.

கருவி என்றதும் கணபதிக்கு வந்துவிட்டோம். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் கோவை. பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் இதே கணபதியில் எழுந்தது. அந்த மரபில் வந்த பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் மோட்டார், பம்ப் கடைகளும் இந்தக் கட்டடத்தைச் சுற்றி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் 2012இல் திறக்கப்பட்ட நமது பாரதி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 134 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, மேலே உறை போர்த்திய அழகான கட்டடம்; அதன் வடிவமைப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1989 முதல் உழைத்துவரும் மைத்ரி நிலையத்துக்கு மாற்றாக இரண்டாவது மைத்ரி, இந்தப் பத்தாண்டின் முடிவை இலக்காக வைத்துத் திட்டமிடப்படுகிறது. நாட்டின் முதல் துருவ ஆய்வுக் கப்பலைக் கட்டுவதற்காக, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் 2025 ஜூனில் நார்வேயின் கோங்ஸ்பெர்க்குடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்த இரண்டிலும் பம்பு இருக்கும், மோட்டார் இருக்கும், வால்வு இருக்கும், வார்ப்படம் இருக்கும். மைத்ரிக்குத் தண்ணீர் பிரியதர்ஷினி ஏரியிலிருந்து குழாய் வழியே ஏற்றப்படுகிறது. வழியில் உறையாமல் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கே அன்றாடப் போராட்டம். கடுங்குளிரில் சாதாரண எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை பெறுகிறது, கிரீஸ் கெட்டியாகிறது, ரப்பர் சீல் விறைத்துப்போகிறது. நம் பம்ப் இந்தியக் கிணற்றின் வெயிலையும் மணலையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் தாங்கப் பழகியது. மைனஸ் நாற்பதைத் தாங்குமா என்று நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை. கேட்க வேண்டும். அதற்குத் தேவை, ஒரு குளிர்ச் சோதனை அறையும், குறைந்த வெப்பநிலையில் தாக்குச் சோதனை செய்யும் பழக்கமும், தோற்ற பாகத்தைத் திரும்ப வார்க்கும் பொறுமையும். மூன்றாவது நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடியே இல்லையென்றும் சொல்ல முடியாது. ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டனில் 2014இல் கடலுக்குள் இறக்கிய இண்டார்க் என்ற ஆய்வுக் கருவித்தொகுதி, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கைவண்ணம். அங்கிருந்தே பனிக்கடியில் இறங்கும் ஆளில்லா வாகனமும் அண்டார்டிகா போய் வந்திருக்கிறது. பள்ளிக்கரணைக்கும் கணபதிக்கும் இடையே ஒரு ராத்திரி ரயில் பயணம்தான் தூரம்.

பொறியியலோடு நின்றுவிட்டால் வாதம் பாதியில் நின்றுவிடும். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாத் தீவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்திலேயே ஸ்குவா பறவைகளில் அது கண்டறியப்பட்டது. கூட்டங்கூட்டமாக நெருங்கி வாழும் பென்குயின்களிடையே இந்தக் கிருமி எப்படிப் பரவும், எதை அழிக்கும், எதை விட்டுவைக்கும் என்பது இன்று உலக ஆய்வாளர்களின் தலையாய கவலைகளில் ஒன்று. நெருக்கமாக வாழும் பறவைகளில் நோய் பரவுவதைப் பற்றி இந்தியாவில் அன்றாடம் கவலைப்படும் ஊர் எது என்று கேட்டால் நாமக்கல் என்றுதான் சொல்வோம். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிப் பண்ணைகளின் நோய்ப் பட்டறிவு தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது. ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அது இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் தென்னக மையம். அண்டார்டிகப் பறவைகளையும் சீல்களையும் கணக்கெடுத்துவரும் இந்திய நிறுவனம் எதுவென்றால், அதே வனவிலங்கு நிறுவனம்தான். நாமக்கல்லும் ஆனைகட்டியும் துருவப் பறவைகளும் ஒரே ஆய்வு முன்மொழிவில் சந்திக்க நிர்வாகத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் ஒரே மேசையில் உட்காரவில்லை என்பதே தடை. வேளாண் அறிவியலுக்கும் இடமுண்டு: இந்தியா தன் சொந்தக் குழுவை அனுப்புவதற்கு இருபது ஆண்டு முன்பே, அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து தென்துருவத்துக்குப் போய் உயிர்க்கடிகாரம் பற்றி ஆராய்ந்த கிரிராஜ் சிங் சிரோஹி, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தாவர உடலியலாளர்.

பருவமழைக்கும் துருவத்துக்கும் உள்ள தொடர்பை நான் முதலில் எடுக்காதது வேண்டுமென்றேதான். மேடைகளில் அதைச் சொல்வது எளிது, மிகைப்படுத்துவது அதைவிட எளிது. கோவா துருவ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் காரா கடலில் கோடைப் பனி குறைவதையும் பருவத்தின் கடைசியில் மத்திய இந்தியாவில் பெய்யும் மிகைமழையையும் இணைத்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே 'இருக்கக்கூடிய தொடர்பு' என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் நமக்கும் வேண்டும். ஆர்க்டிக் பனி உருகினால் சிறுவாணி வற்றும் என்று யாராவது இந்த மேடையில் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். கோவைக்குப் பெருமளவு மழை தருவது வடகிழக்குப் பருவம். அதற்கும் துருவப் பனிக்கும் உள்ள உறவு, ஆய்வு செய்ய வேண்டிய கேள்வி, அறிவிக்க வேண்டிய செய்தி அல்ல. நிச்சயமாகச் சொல்லக்கூடியது கடல்மட்டம். அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் 50 மீட்டருக்கு மேல் உயரும் அளவு நீர் அங்கே உறைந்திருக்கிறது. அதில் சின்னஞ்சிறு பங்கு கரைந்தாலும் முதலில் தெரியப்போவது துறைமுகங்களில். திருப்பூர்ப் பின்னலாடை கப்பலேறுவது தூத்துக்குடியில். கடற்கரை இல்லாத ஊருக்கும் கடலோடு கணக்கு இருக்கிறது.

நொய்யல் கேள்விக்கு வருகிறேன். ஆற்றைச் சரிசெய்யும் பணமும் துருவ ஆய்வுப் பணமும் ஒரே பெட்டியில் இருப்பவை அல்ல. பிருத்வி விஞ்ஞான் திட்டத்துக்கு மத்திய அரசு 2021-26 காலத்துக்கு ஒப்புதல் தந்தது 4,797 கோடி ரூபாய். அதில் வானிலை, கடல், நிலநடுக்கம் எல்லாம் அடங்கும், துருவம் ஐந்தில் ஒரு கிளை மட்டுமே. இந்தத் தொகையிலிருந்து கோவைக்கு வராத ரூபாய் நொய்யலுக்குப் போய்விடுவதில்லை. வேறொரு ஊரின் ஆய்வகத்துக்குப் போகிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் சூழலியலாளர்களுடையது: மனிதக் கால் பட்டதால்தான் பனிக்கண்டம் கெடுகிறது, இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்கிறீர்களா? ஒரே பருவத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் போய்வரும் இந்நாளில் இந்தக் கவலை நியாயமானது. நான் கேட்பது அதிக ஆட்களை அல்ல. ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு அறிவியல் முடிவுகளைத் தடையின்றிப் பகிரச் சொல்கிறது. கோவாவில் துருவத் தரவு மையம் இருக்கிறது. ஏற்கெனவே வெட்டியெடுத்த பனித்தூண்களும் சேர்த்த அளவீடுகளும் பகுப்பாய்வுக்குக் காத்திருக்கின்றன. கப்பலேறாமலே துருவ ஆய்வாளர் ஆகலாம். ஏற விரும்புபவருக்கும் வழி திறந்தே இருக்கிறது: கோவா மையம் பல்கலைக்கழகங்களிடமிருந்து முன்மொழிவு கேட்கிறது, தேர்வானவர் மருத்துவச் சோதனையும் ஔலியில் பனிமலைப் பயிற்சியும் முடித்துப் போகலாம். வெளிநாட்டு ஆய்வகத்தில் சில காலம் பயில அண்டார்டிக் அறிவியல் குழுவின் இளம் ஆய்வாளர் நல்கை உண்டு.

சட்ட மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் நாடாளுமன்றம் இந்திய அண்டார்டிகா சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் ஆர்க்டிக் கொள்கை வெளியானது. அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டுவதற்கான தடையோ 1991ஆம் ஆண்டு மாட்ரிட் நெறிமுறையில் இருக்கிறது. 2048இல் அந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. உண்மை அதுவல்ல, 2048க்குப் பின் எந்த ஆலோசனை உறுப்பு நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம் என்பது மட்டுமே நெறிமுறையில் உள்ளது. அந்த மாநாடு கூடினால் இந்தியாவின் பக்கம் உட்காரப்போகும் வழக்கறிஞருக்கு இன்று இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். அவர் கோவை அரசு சட்டக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே இந்த இரண்டு நாளில் கட்டுரை வாசித்துச் சான்றிதழ் வாங்குவதோடு கலைந்துவிடாமல், மூன்று முன்மொழிவுகளின் வரைவையாவது முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவையைக் கேட்டுக்கொள்கிறேன்: குளிரைத் தாங்கும் பம்பு பற்றி ஒன்று, பறவைக் காய்ச்சல் பற்றி ஒன்று, வடகிழக்குப் பருவமழை பற்றி ஒன்று. பவுண்டரி நண்பர்கள் பிற்பகல் அமர்வுக்கு அவசியம் இருக்க வேண்டும். முதல் வரைவின் பொருள் பட்டியலை அவர்கள்தான் திருத்தித் தர முடியும்.