ஒரு தடவை போதாது

சீன ஊசி வைத்தியம் என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. உடம்பில் ஓடும் பாதைகள், உயிராற்றல், 361 புள்ளிகள் எல்லாம் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டால் போதும், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடுகிற குளிசையை எறிந்துவிடலாம் என்று சொல்லும் காணொளிகள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து கிழக்கிலங்கையின் வெருகல் வரை வந்துவிட்டன. இந்தக் கலையை நேசிக்கிற எவராலும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

ஊசி வைத்தியம் நாள்பட்ட நோவைத் தணிக்கிற கலை. சீனி வருத்தத்தை அது மாற்றாது. நோவுக்கும் ஒரு தடவை போதாது. இந்த உரையில் இதை மறுபடியும் கேட்பீர்கள்: ஒரு தடவை போதாது.

‘ஐயாயிரம் வருட இரகசியம்’ என்று இதை விற்கிறவர்கள் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வதே இல்லை. செங் டான்-ஆன். 1899இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் வைத்தியர் வீட்டில் பிறந்தவர். மேல்நாட்டு மருத்துவமும் படித்தார். அந்தப் படிப்பின் மிடுக்கில், தகப்பன் கையாண்ட ஊசியை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு கடுமையான நாரி நோ வந்து படுத்துவிட்டார். தகப்பன்தான் ஊசி வைத்து அவரை எழுப்பினார்.

அன்றைய சீனத்தில் ஊசிக்கு மரியாதை இல்லை. 1822இலேயே அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அதை விலக்கிவிட்டார்கள். 1929இல் சீன வைத்தியம் முழுவதையுமே ஒழிக்க அரசிடம் யோசனை வந்தது. ஊசி தெருவோரத்துக் கைவேலையாகிக் கிடந்த காலம் அது. ஊசிகள் தடித்தவை, கட்டியைக் கீறுவதும் இரத்தம் வடிப்பதும் அதே கையின் தொழில். செங் மெல்லிய உருக்கு ஊசியை முன்னுக்குக் கொண்டுவந்தார். பழைய ஏடுகள் காட்டிய புள்ளிகளை உடற்கூற்றியலோடு ஒப்பிட்டார். இரத்தக் குழாயின் மேல் விழுந்த புள்ளிகளை நகர்த்தி, நரம்பு ஓடும் இடங்களோடு பொருத்தினார். 1931இல் அவருடைய நூல் வந்தது. 1933இல் ஊசி வைத்தியத்துக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். தபால்வழி வகுப்புகளும் நடத்தினார். யப்பானுக்குப் போய் அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வந்தார். 1957இல் இறந்தபோது, பல ஊர்களில் அவருடைய மாணவர்கள் அவர் காட்டிய வழியில் ஊசி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இன்று கொழும்பிலோ சென்னையிலோ ஒருவர் எடுக்கிற மெல்லிய ஊசிக்கு வயது நூறு கூட ஆகவில்லை எனலாம். அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. தன் நோவைத் தானே அனுபவித்த ஒருவர், பழையதைக் கும்பிட்டு நிற்காமல் திருத்தினார். ‘மாறவே மாறாத ஞானம்’ என்ற விளம்பரத்தை விட இது பல மடங்கு உயர்ந்த வரலாறு.

இனிக் கைவேலை. முழங்காலுக்குக் கீழே உள்ள சு-சான்-லி என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். முழங்காலை மடித்தால் சில்லுக்குக் கீழே வெளிப்புறத்தில் ஒரு குழி தெரியும். அதிலிருந்து நாலு விரல் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. யாருடைய விரல்? நோயாளியுடைய விரல். நம்முடைய வர்ம வைத்தியரும் நோயாளியின் விரற்கடையால்தான் அளப்பார். ஊசி ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் தடிப்பு. மருந்து ஏற்றுகிற ஊசியைப் போல உள்ளே துளை கிடையாது. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி ஒரு கணம். பிறகு வைத்தியர் அதை மெல்லத் திருப்புவார், சற்று உயர்த்தித் தாழ்த்துவார். அப்போது காலில் ஒரு கனம் இறங்கும், ஒரு விறுவிறுப்பு பாதம் வரை ஓடும். சீனத்தில் அதற்கு ‘தே-சி’ என்று பெயர். நோயாளிக்குக் கனம் தெரிகிற அதே வேளையில் வைத்தியரின் விரலிலும் ஊசி இலேசாக இறுகும். அந்த இறுக்கத்தை உணரப் பழகாத கை, புள்ளிகளை மனப்பாடம் செய்து என்ன பயன்?

2006 கடைசியில் சிக்குன்குனியா கிழக்கைப் பிடித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு கிழமையில் போனது, மூட்டு நோ பலருக்குப் போகவில்லை. வெருகல் பக்கத்துத் தாய் ஒருவர் அப்படி ஊசி வைத்தியத்துக்கு வந்தார். முதல் நாள் ஊசி எடுத்ததும், “நோ அப்படியேதான் கிடக்கு மகன்” என்றார். மூன்றாம் முறையும் அதையே சொன்னார். பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார், கிணற்றடியில் குந்தியிருந்து கை ஊன்றாமல் எழும்பினேன் என்று. நோ முழுதாக விடவில்லை, பனடோல் குறைந்தது. ஒரு தடவை போதாது என்பது இதுதான்.

ஆய்வும் அந்தத் தாயின் பக்கமே நிற்கிறது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. ஜேர்மனியில் நாரி நோவுள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அரை மணித்தியாலம் வீதம் பத்து அமர்வுகள், கிழமைக்கு இரண்டு. ஆறு மாதத்தில் சரியான புள்ளியில் ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. வேண்டுமென்றே பிழையான இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. குளிசை, உடற்பயிற்சி என்று வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. புள்ளியை வைத்துப் பெருமை பேசுகிறவர்களுக்கு இரண்டாவது எண் கசக்கும். அதை மறைக்கக் கூடாது. குளிசையோடு மட்டும் காலம் தள்ளுகிற வயற்காரருக்கோ முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் உள்ள தூரம் பெரிது. இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டி நிறுவனமும் 2021இல், தெளிவான காரணம் காண முடியாத நாள்பட்ட நோவுக்கு ஊசியை ஒரு வழியாகப் பரிசீலிக்கலாம் என்றது.

இலங்கையில் இந்தக் கலை என்றதும் நினைவுக்கு வருவது களுபோவில. வாதநோய் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய 1970களிலிருந்து அங்குள்ள கொழும்பு தெற்கு ஆஸ்பத்திரியில் ஊசி கிளினிக் நடத்தினார். அரச ஆஸ்பத்திரி, ஏழைகளின் வரிசை. கற்க வந்த வெளிநாட்டு மருத்துவர்களும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். 2005இல் அவர் காலமானார். அவர் எழுதிய எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மேல்நாட்டு மருத்துவம் படித்த ஒருவர், மற்ற மருத்துவம் நடக்கிற அதே கூரையின் கீழ் ஊசி வைத்தார் என்பதே பெரிய காரியம். நோ மூட்டுத் தேய்வா, புற்றுநோயா, காசநோயா என்று பார்க்க எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் பக்கத்திலேயே இருந்தன.

ஊசியை விட்டு, சீன மூலிகைகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து குடித்த பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு சீன மூலிகையின் இடத்தில் தவறாக இன்னொன்று கலந்திருந்தது; அதிலிருந்த நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம். அதே குடும்பத்துச் செடிகள்தான் நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பக்கத்து வடமத்திய மாகாணத்தை அரித்துக்கொண்டிருக்கிற நாட்டில், பெயர்ச்சீட்டு இல்லாத குளிசைப் போத்தலை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஊசி வைத்தியம் பெற வெருகலுக்கு உள்ள உண்மையான தடை பயண தூரம். கிழமைக்கு இரண்டு நாள் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறினால் வேளாமை என்னாவது? ஈச்சிலம்பற்று ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு ஊசி கிளினிக் நடந்தால் போதும். ஊசி விலை அதிகமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விரற்கடை அளவு அவர்களுக்குப் புதிதல்ல.

அதுவரை வெளியே போய் ஊசி வைத்துக்கொள்பவர்கள், ஊசியின் உறையைத் தங்கள் முன்னால் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு வைத்த ஊசி இன்னொருவருக்கு ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலே சொல்லிவிட வேண்டும். தோளிலோ நெஞ்சிலோ ஊசி வைத்த பிறகு மூச்சு முட்டினால் நுரையீரலில் குத்துப்பட்டிருக்கலாம். வீட்டில் படுத்துப் பார்க்காமல் உடனே மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் ஏற்கெனவே போடுகிற சீனிக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் தந்த டொக்டரைக் கேட்காமல் ஒன்றைக் கூட நிறுத்த வேண்டாம்.