என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை

(மார்ச் 8 அன்று நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மகளிர் தின விழாவில், பி பிளாக் பூங்குழலி அவர்கள் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஏதாவது உபயோகமான விஷயமாகப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான விஷயம் ஒன்று உண்டு. என் பெயரின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்.

தமிழில் பூங்குழலி. அதில் ஒரு சிக்கலும் கிடையாது. இங்கிலீஷில் என் அப்பா எழுதியது பி, யு, என், கே, யு, இசட், ஏ, எல், ஐ. மொத்தம் 9 எழுத்து. மற்றப் பூங்குழலிகள் பெரும்பாலும் பி-க்குப் பிறகு இரண்டு ஓ போடுவார்கள், கே வரும் இடத்தில் ஜி, இசட் பக்கத்தில் ஒரு எச். அவர்களுக்கு 11 எழுத்து. அப்பாவின் கணக்கு எளிமையானது. சூர்யாவுக்கு ஒரு யு போதுமென்றால் பூவுக்கும் ஒன்று போதும். குமாருக்குக் கே என்றால் குழலுக்கும் கே. ழ ஓர் எழுத்து, அதற்கு இசட் ஒன்றே போதும்.

கணவரின் வேலைக்காகச் சில வருடம் புனேயில் இருந்தோம். அங்கே நான் 'பங்க்குஜாலி'. அது பரவாயில்லை, வெளியூர்க்காரர்கள். நம் ஊரில்தான் வேடிக்கை. பெயரை எழுதிக் கொடுத்தால், 'மேடம், ஸ்பெல்லிங் தப்பா இருக்கே' என்பார்கள். 2022-இல் பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு நம் பிளாக் பிள்ளைகளே, 'ஆன்ட்டி, படத்துல பூங்குழலிக்கு எச் இருக்கு, உங்களுக்கு இல்லையே' என்றார்கள்.

பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. நம் மொழியில் க என்ற ஓர் எழுத்தே இடத்துக்கு ஏற்றபடி இரண்டு மூன்று விதமாக ஒலிக்கும். பூ, பு என்ற நெடில் குறில் வித்தியாசத்தைக் காட்ட இங்கிலீஷில் உறுதியான வழி இல்லை. ழ-வுக்கு அங்கே எழுத்தே கிடையாது. நாம் இசட், எச் சேர்த்து எழுதுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பெரும்பாலும் எல் போடுவார்கள். நம் தெருவில் ஒரு யாழினி இருந்தால் அவளுக்கு இசட், எச். யாழ்ப்பாணத்து யாழினிக்கு எல். சீனப் பெயர்களில் அதே இசட், எச் கிட்டத்தட்ட ஜ என்று ஒலிக்கும். இதில் எது சரி, எது தப்பு? என் பெயரில் பூவுக்கு 2 வழி, ங்கு-வுக்கு 3 வழி, ழ-வுக்கு 3 வழி வைத்துப் பெருக்கினாலே 18 பூங்குழலிகள் வந்துவிடுவார்கள்.

அரசாங்கமே இதில் கைவைத்துப் பார்த்தது. 2020 ஜூனில், 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப இங்கிலீஷில் மாற்றி ஓர் அரசாணை வெளியானது. வேலூருக்கு வீ என்று படிக்கிற மாதிரி இரண்டு ஈ போட்டிருந்தார்கள். ஊரே கேலி பேசியது. சில நாளில் ஆணை வாபஸ் ஆனது. ஊர்ப் பெயருக்கே ஒரே விதி கிடைக்கவில்லை என்றால், மனிதர் பெயருக்கு எங்கிருந்து வரும்?

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இனிச் சொல்வது வேடிக்கை இல்லை.

என் கணவர் காலமான பிறகு, அவர் போட்டிருந்த டெபாசிட்டை வாங்க ஒரு வங்கிக்குப் போனேன். நாமினி நான்தான். அவர் கைப்பட எழுதிய படிவத்தில் என் பெயர் ஒன்பது எழுத்தோடு சரியாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் 11 எழுத்து. ஏற்றியவர் யாரோ, 'பாவம், தப்பாக எழுதியிருக்கிறார்' என்று நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார். ஆதாரிலும் பான் கார்டிலும் ஒரு பெயர், அவர்கள் கணக்கில் வேறு பெயர். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், சாட்சிகள், இன்னொரு கடிதம், மேலிடத்து அனுமதி என்று 5 மாதம் ஓடிவிட்டது. பணம் கடைசியில் வந்தது. ஆனால் அந்த ஐந்து மாதமும், துக்கம் ஆறாத நேரத்தில், அவருடைய மனைவி நான்தான் என்று கவுன்ட்டர் கவுன்ட்டராக நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பிள்ளைகளின் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு விதம், அம்மாவின் ஆதாரில் இன்னொரு விதம். அதனால் இங்கே இருப்பவர்களுக்கு, முக்கியமாகச் சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு, சில வார்த்தை.

குழந்தை பிறந்ததைப் பதியும்போதே பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்பட வேண்டாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் அன்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எண் கணிதப்படி எழுத்துக் கூட்டுவதானால் அதையும் அதற்குள்ளேயே முடித்துவிடுங்கள். பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன் பெயரைச் சரிபார்க்கச் சொன்னால், பிள்ளையிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.

பெரியவர்களுக்கு: ஆதாரில் பெயரை 2 தடவைதான் மாற்ற முடியும். எந்த ஸ்பெல்லிங் வேண்டும் என்று தீர்மானித்த பிறகு போங்கள். பெயரையே சட்டப்படி மாற்றுவதானால் அரசிதழில் வெளியிட வேண்டும், அந்தப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த வாரமே டெபாசிட், இன்ஷூரன்ஸ், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். படிவத்தில் எழுதியதைப் பார்த்தால் போதாது, அவர்கள் கணக்கில் இருப்பதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு நாள் வேலை.

'நீங்களே ஊரோடு ஒத்து ஸ்பெல்லிங்கை மாற்றியிருக்கலாமே' என்று சிலர் கேட்கிறார்கள். எதற்காக? பள்ளிச் சான்றிதழிலிருந்து பான் கார்டு வரை என் பெயர் ஒரே மாதிரி இருக்கிறது. அதைத் திருத்தியவர்களால்தான் குழப்பம். 2001-இல் ஜெயலலிதா அம்மையார் தன் பெயரின் கடைசியில் இன்னோர் ஏ சேர்த்தார். பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் அப்படியே எழுதின. 'மேடம், ஒரு ஏ அதிகமாக இருக்கிறதே' என்று எந்த கிளார்க்காவது திருத்தியிருப்பாரா? முதலமைச்சருக்குக் கிடைத்த அந்த மரியாதை, கியூவில் நிற்கும் சாதாரணப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். அவள் எழுதிக் கொடுத்தபடி எழுத வேண்டும், சந்தேகம் வந்தால் அவளையே கேட்க வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் பட்டியலை இந்த வருடம் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பி, தமிழிலும் இங்கிலீஷிலும் அவரவர் கையால் பெயரை எழுதி வாங்குங்கள். 'இன்னாருடைய மனைவி' என்று மட்டும் இருக்கும் இடங்களில் அந்த அம்மாளின் பெயரும் வரட்டும். ஏற்றி முடித்தவுடன் ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில் போடுங்கள், திருத்துபவர்கள் திருத்தட்டும். தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். யார் பெயரிலும் நானாக ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.