வீட்டு லேத்தும் பம்பு மராமத்தும்



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர்களில் இயந்திரத் தொழில் தெரிந்தவர்கள் ஏராளம். 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. சானடோரியம் பக்கம் 1984-ல் ஏற்றுமதி வளாகம் வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் கை பழகியவர்கள் சிலர் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன லேத் போட்டிருக்கிறார்கள். பேரனுக்குப் பம்பரம், அடுத்த வீட்டு சைக்கிளுக்கு ஒரு அச்சு என்று ஆசைக்குக் கடைவார்கள். இதை உபதொழிலாக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஆனால் யாருக்காகக் கடையப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நிறையப் பேருக்கு மனசு பெரிய கம்பெனி பக்கம்தான் போகும். மாசம் ஆயிரம் உருப்படி, நிலையான ஆர்டர் என்று நினைப்பு. ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகவே கொஞ்சம் பாருங்கள். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கார்த் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் நின்றுபோனது. மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. மறுபடி திறக்கிறோம் என்று 2024-ல் அறிவித்தார்கள், வரட்டும், சந்தோஷம். ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி லேத் வாங்கியவருக்கு நடுவில் தவணை நிற்குமா? வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே ஓடும் வீட்டுப் பட்டறைக்கு அந்த வேலை தோதுப்படாது என்பது என் அபிப்பிராயம்.

தோதான வேலை பக்கத்திலேயே இருக்கிறது. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கம் மனைகள் பெருகினாலும் இன்னும் நெல்லும் காய்கறியும் விளைகிறது. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி மோட்டார் இருக்கிறது. பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் பம்பு நின்றுவிட்டால் விவசாயியால் ஒரு வாரம் காத்திருக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு உருப்படி, அதுவும் நாளைக்கே. பெரிய பட்டறைக்காரர் அதைத் தொடமாட்டார். நீங்கள் தொடலாம்.

பம்பில் என்ன போகும்? முக்கியமாக ஷாஃப்ட். தண்ணீர் ஒழுகுகிறதே என்று கிளாண்டை இறுக்கு இறுக்கு என்று இறுக்கிவிடுவார்கள். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தால்தான் கயிறு சூடேறாது. அது வற்றினால் ஷாஃப்ட் அரித்து வரிவரியாகக் குழி விழும். அப்புறம் புதுக் கயிறு வைத்தாலும் ஒழுகும். அந்த இடத்தைக் கடைந்து இறக்கி, கன்மெட்டலிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஒரு ஸ்லீவ் ஏற்ற வேண்டும். 25 மி.மீ. ஷாஃப்ட் என்றால் ஸ்லீவின் உள்விட்டம் 0.02 முதல் 0.03 மி.மீ. வரை குறைவாக இருக்கட்டும். ஸ்லீவைச் சூடாக்கி ஏற்றி, ஆறியபின் இரண்டு சென்டருக்கும் நடுவில் பிடித்து மேல்விட்டத்தைக் கடைந்து முடியுங்கள். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் சிலர் பஞ்சால் புள்ளி குத்தி ஏற்றிவிடுவார்கள். அது சில மாதத்தில் மறுபடி ஆடும். வெல்டிங் வைத்துக் கடைவதுதான் முறை. காசு கூட ஆகும் என்பதை விவசாயியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கூலி விஷயத்துக்கு வருவோம். பொழுதுபோக்குக்காரர் இங்கேதான் ஏமாறுகிறார், "தெரிஞ்சவருதானே, ஐம்பது ரூபாய் கொடுங்க" என்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேத்தும் கருவிகளும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் முதல் திரும்ப வேண்டும், வருஷத்துக்கு 600 மணி நேரம் ஓடும் என்றால் மணிக்கு 50 ரூபாய் இயந்திரத்துக்கே போகிறது. ஒரு குதிரைசக்தி மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். டூல் பிட், எண்ணெய்க்கு ஒரு 30 ரூபாய். உங்கள் கைக்கூலி 200 ரூபாயாவது வேண்டாமா? ஆக மணிக்கு 300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அளவெடுக்கும் நேரமும் கழற்றி மாட்டும் நேரமும் இதில் சேர்த்தி. உலோகத்தின் விலை தனி.

பழைய லேத் வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். கேரியேஜைச் சக்குக்குப் பக்கத்திலும் கடைக்கோடியிலும் நகர்த்திப் பாருங்கள். கோடியில் இறுக்கமாகவும் சக்குப் பக்கம் லொடலொடவென்றும் இருந்தால் படுகை தேய்ந்துவிட்டது. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் சுவரில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, லேத் மோட்டாரை அதற்கு மேலே வையுங்கள்.

வேலை ஆரம்பித்த பிறகு வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டக் கூடாது. பிடிபட்டால் 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். குடிசைத் தொழில்களுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 2020 முதல் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம், தரகருக்குக் காசு தரத் தேவையில்லை.

லுங்கி, தோளில் துண்டு, கையுறை, மோதிரம் இவை எதுவும் ஓடும் லேத் பக்கம் வரக் கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடுவது பழைய தொழிலாளிக்கும் நேரும். சாவியைப் போட ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்துவிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டும். முதல் வாடிக்கையாளருக்கு மோட்டார் மெக்கானிக்குகளிடம் போங்கள். காயில் கட்டுகிறவர்களிடம்தான் தேய்ந்த ஷாஃப்ட் முதலில் வந்து சேரும்.