மனுவைத் தமிழிலேயே கொடுங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஆரணியில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். பட்டில் ஓர் இழை தப்பினாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சொத்து வரி பற்றி ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தால் மட்டும் பேரப்பிள்ளை வரும்வரை காத்திருக்கிறீர்கள்.

தமிழ் ஆட்சிமொழி என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. நகராட்சிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். அது 6-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இ-சேவை மையத்தில்தான் கவனம் தேவை. பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஓர் எழுத்து மாறி, ஆதாரோடு பொருந்தாமல் போனால், ஓய்வூதியம்கூட நின்றுபோகலாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

போனில் புகார் சொல்ல 1100 இருக்கிறது, தமிழில் பேசலாம். படிவம் புரியாவிட்டால் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.