வரவேற்பறையில் மாபிள் மேசைகள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெரிய தலைப்புகள் எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டன. செயலாளர் எனக்குத் தந்தது, "வீட்டுக்குப் பயன்படும் ஏதாவது" என்பதுதான். நான் இரசாயனவியல் படிப்பித்தவள். ஆகவே இரசாயனமும் வீடும் முட்டுப்படுகிற ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தள்ளி அடக்கி வைக்கிற மூன்று சிறு மேசைகள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். விருந்தாளி வந்தால் இழுத்து ஆளுக்கொன்றாக வைப்போம். முன்பு முழுவதும் மரமாக இருந்தது. இப்போது மேற்பலகை மாபிளாக வருகிறது. வாங்கி ஒரு மாதத்துக்குள், "ரீச்சர், வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது, எப்படி எடுப்பது?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள்.

அந்த வட்டத்தை முதலில் போட்டவள் நான்தான். அப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு செற் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் நெற்போல் விளையாடிவிட்டு வந்து, தேசிக்காய்த் தண்ணிக் கிளாசைப் பெரிய மேசையில் வைத்தபடி கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் கிளாசின் அடியளவில் மங்கலாக ஒரு வளையம். அம்மா ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. பிறகு பித்தளை விளக்குக்குச் செய்வதுபோல அரைத் தேசிக்காயை எடுத்து நன்றாகத் தேய்த்தார். வளையம் மறைந்தது, ஆனால் மேசையின் கால்வாசி மினுக்கமும் அதோடு போய்விட்டது. அம்மா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை நடந்தது. நீங்களும் செய்திருப்பீர்கள். மாபிள் துண்டுகளுக்கு ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் பொங்கும். வருகிற வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்நிறமாகும். மற்றப் பிள்ளைகள் சுண்ணாம்பு நீரைப் பார்த்தார்கள். நான் மாபிள் துண்டைப் பார்த்தபடி நின்றேன்.

மாபிள் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு மாறியதுதான் அது. குடாநாட்டுக்கு அடியில் இருப்பதும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மாபிளாக மாறாதது. எங்கள் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் கல்சியம் காபனேற்று. லண்டனில் இருக்கிற பிள்ளைகளும் தங்கள் கேத்திலில் அதைத்தான் சுரண்டுகிறார்கள். அதை எடுக்க என்ன போடுகிறீர்கள்? தேசிக்காய் அல்லது வினாகிரி. கேத்திலில் படிந்ததைக் கரைக்கிற அதே புளிப்பு மேசையையும் கரைக்கும். புளி, தக்காளி, தோடம்பழச் சாறு, தயிர், சோடா, வைன் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

ஆகவே கறை வேறு, அரிப்பு வேறு. தேநீர், எண்ணெய், மஞ்சள் கல்லின் நுண்துளைக்குள் ஊறினால் அது கறை. நிறமாகத் தெரியும். புளிப்புப் பட்டு மேற்பரப்பே கரைந்தால் அது அரிப்பு. நிறமிருக்காது, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். கறையை உறிஞ்சி எடுக்கலாம். அரிப்பைக் கழுவி எடுக்க முடியாது, திரும்ப மினுக்கத்தான் வேண்டும். கடைக்காரர் "சீலர் பூசியிருக்கு, பயமில்லை" என்பார். சீலர் ஊறுவதைத்தான் குறைக்கும், அரிப்பைத் தடுக்காது. இதைத் தெரியாமல் காசு கொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. முதலில் பாரத்தைப் பாருங்கள். 50 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 2 தடிப்புள்ள பலகை ஒன்றே ஏறத்தாழ 11 கிலோ. அறுபது தாண்டியவர்கள் தினமும் குனிந்து இழுக்கிற சாமான் அல்ல அது. என் எண்ணத்தில் பெரிய மேசை மட்டும் மாபிளாகவும், உள்ளே இருக்கிற இரண்டும் மரமாகவும் இருப்பதே நல்லது. விருந்தாளிக்கு முன்னால் வைப்பது சிறிய மேசைகளைத்தானே. உயரம் உங்கள் செற்றியின் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் ஓடித்திரிகிற வீடென்றால் கூர் மூலை வேண்டாம். கடலோரக் காற்று உள்ள இடங்களில் மலிவான இரும்புக்கால் துருப்பிடிக்கும், அந்தத் துரு கல்லிலும் இறங்கும். அசல் கல்லா என்று அறிய விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடுகிற வரி விளிம்பிலும் தொடர வேண்டும். மேலே மட்டும் இருந்தால் அது அச்சடித்தது. கருங்கல் பலகை புளிப்புக்கு இப்படி மங்காது. நிறம் பிடித்தால் அதை வாங்குங்கள், கவலை குறையும்.

பராமரிப்புக்கு அதிகம் வேண்டியதில்லை. மென்மையான துணி, இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி, உடனே உலர்ந்த துணியால் துடைப்பு. தும்பும் தேய்க்கும் தூளும் வேண்டாம், மாபிள் மென்மையான கல், மணல்கூடக் கீறும். குளியலறை ரைல் கழுவுகிற திரவத்தைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்க் கறைக்கு அப்பச்சோடாவைத் தண்ணியில் களியாகக் குழைத்துப் பூசி, பொலித்தீனால் மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள். ஒருதரத்தில் போகாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். கிளாசுக்கு அடியில் பின்னல் விரிப்பு ஒன்று போடுங்கள். மனையியல் வகுப்பில் நாங்கள் பின்னியவை இன்னும் அலுமாரியில்தானே கிடக்கின்றன? மேசையை நகர்த்தும்போது பலகையைப் பிடித்துத் தூக்காமல் சட்டத்தைப் பிடியுங்கள். பலகையைத் தனியாகக் கொண்டுபோவதென்றால் கண்ணாடியைப்போல நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியலாம்.

இந்தக் கடைசி விடயத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது மேசைகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, மேசைகளின் மரக்கால்களும் இல்லை, விறகாகியிருக்கும். மூன்று பலகைகளும் முற்றத்தில் கிடந்தன. மகிழ்ச்சியில் அம்மாவும் நானும் ஆளுக்கொரு தலைப்பில் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினோம். நடுப்பலகை இரண்டாக முறிந்தது. மற்ற இரண்டுக்கும் பிறகு வேப்பமரத்தில் கால் செய்வித்தோம்.

பெரிய பலகையின் மங்கலை மினுக்கித் தருவதாகக் கல்வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அம்மா இருந்தவரை அதற்கு விடவில்லை. "இவள் போட்டது, இருக்கட்டும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த மேசை என் வரவேற்பறையில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வருகிறவர்கள் வந்து பார்க்கலாம், தேநீர் தருவேன். தேசிக்காய்த் தண்ணி விறாந்தையில்தான்.